இரண்டு கிலோமீட்டருக்குள் ஊழியம்: வடசென்னை சபைகளின் மீடியா டீமுக்கு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வியாசர்பாடியிலிருந்து மாதவரம் வரை, லைவ் போடாத சபையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு நாற்பது பேர் கூடும் சபையிலும் ஒரு ட்ரைபாட் நிற்கிறது. அந்த லைவை யார் பார்க்கிறார்கள்? மூட்டுவலியால் படியேற முடியாத அம்மாக்கள், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், மணலியில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கும் ஒரு பிரதர். எல்லாருமே ஏற்கெனவே சபையார். அவர்களுக்கு லைவ் வேண்டும், நிறுத்தக் கூடாது. ஆனால் அதையே சுவிசேஷ ஊழியக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் கோளாறு. சபையாருக்குப் போடும் லைவ் ஒன்று. சபை வாசலை மிதிக்காத பக்கத்துத் தெருக்காரருக்குச் செய்யும் மீடியா இன்னொன்று. கருவியும் பேச்சும் நேரமும் இரண்டுக்கும் வேறு வேறு.

முதல் வேலையைக் குறைந்த செலவில் ஒழுங்காக முடித்துவிட்டு, மிச்ச நேரத்தையும் ஆளையும் இரண்டாவதற்கு ஒதுக்குங்கள். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. காணிக்கை எல்லாம் கேமராவுக்குப் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஜெபக்குறிப்புக்கு மூன்று நாளாகப் பதில் இல்லை.

லைவ்: படத்தைவிடச் சத்தம் முக்கியம்

போன் வழியாக யூடியூப் லைவ் போட 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். முதல்முறை லைவ் வசதியைத் திறந்தால் அது வேலைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது. லைவில் தனியாக வருபவருக்கு 16 வயதாகியிருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் விதியை மாற்றிவிட்டார்கள். பத்தாவது படிக்கும் தம்பியின் அக்கவுண்டில் சபை சேனலை ஓட்டாதீர்கள். பேஸ்புக் லைவ் 2025 பிப்ரவரியிலிருந்து 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். பிரசங்கச் செய்திகளைச் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

சிறிய சபைக்கு 1080 படத் தரம் தேவையில்லை. லைவ் செட்டிங்கில் படத் தரம் 720, நொடிக்கு 30 பிரேம், பிட்ரேட் 2500 கேபிபிஎஸ், முழுப் படம் அனுப்பும் இடைவெளியான கீபிரேம் 2 நொடி. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் போனை மிளகாய் டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு இது தாராளம். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜை நம்பி ஆராதனையைத் தொடங்கினால் எழுபத்தைந்தாவது நிமிடம் வாக்கில், சரியாகச் செய்தி சூடு பிடிக்கிற இடத்தில், லைவ் நின்றுபோகும். அப்லோட் வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேண்டும். ஸ்பீட் டெஸ்ட்டைச் சனிக்கிழமை காலி ஹாலில் எடுப்பதில் பயனில்லை. ஜனங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் போனெல்லாம் அதே டவரை உறிஞ்சும்போது எடுங்கள். பைபர் லைன் இருந்தால் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். ரவுட்டருக்கு என்றே வரும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிட்டால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் லைவ் அறுந்துபோகாது. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே போதும்.

இனி சத்தம். வடசென்னை சபை லைவ்களில் பத்துக்கு எட்டு கெடுவது இங்கேதான். போனின் சொந்த மைக்கில் ஹாலின் எதிரொலியும் ஃபேன் காற்றும் வெளியே போகும் ஷேர் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து விழும். எனவே மிக்சரிலிருந்து நேராக எடுக்க வேண்டும். அதில் மூன்று இடத்தில் தப்பு நடக்கும்.

ஒன்று, பின். போனுக்குப் போகும் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டே வளையம் உள்ள சாதாரண ஸ்டீரியோ பின்னைச் செருகினால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் மைக்கிலேயே பதிவு செய்யும். சந்தேகம் வந்தால் போனின் உடம்பை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கரகரவென்ற சத்தம் லைவில் கேட்டால் மிக்சர் சத்தம் போகவே இல்லை என்று அர்த்தம். ஹெட்போன் ஓட்டை இல்லாத போனுக்கு டைப்-சி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, அளவு. மிக்சர் தருவது லைன் லெவல். போன் எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு மெல்லிய மைக் லெவல். அப்படியே கொடுத்தால் பாஸ்டர் குரல் உயர்த்தும் இடமெல்லாம் கிழிந்து கேட்கும். பிறகு எடிட்டிங்கில் சரிசெய்யவும் முடியாது. நடுவில், வரும் அளவைக் குறைத்து அனுப்பும் அட்டனுவேட்டர் கேபிள் போடுங்கள். மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், சத்தமாகப் பேசும்போது மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம்.

மூன்று, எந்த அவுட். மெயின் அவுட்டிலிருந்து எடுத்தால் ஹாலுக்காக மிக்சர்காரர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் லைவிலும் விழும். மிக்சரின் தனி அவுட்டான ஆக்ஸ் சென்ட் ஒன்றை, ஹாலுக்கான ஏற்ற இறக்கம் பாதிக்காத ப்ரீ-ஃபேடரில் வைத்து லைவுக்கென்றே தனி மிக்ஸ் செய்யுங்கள். சின்ன ஹாலில் டோலக்கும் கைத்தட்டலும் மைக் இல்லாமலே கேட்கும் என்பதால் அவை மிக்சருக்குள் வரவே வராது. கீபோர்டும் எலக்ட்ரானிக் டிரம் பேடும் நேராக உள்ளே போகும். அதனால் லைவில் கீபோர்டு மட்டும் ஓங்கி, சபையே இல்லாத ஒரு சபை மாதிரி கேட்கும். ஜனங்களைப் பார்த்தபடி ஒரு மைக்கை உயரத்தில் மாட்டி, ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் ஆக்ஸுக்கு மட்டும் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாட்டின் உயிர் திரும்பி வந்துவிடும்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரச் சபைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனைகள் சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடும். இரைச்சல் வந்தவுடன் மைக் போய்விட்டது என்று புதுசு வாங்க ஓடுகிறார்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து ஏழெட்டு முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேபிள்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

படத்துக்கு இரண்டு விஷயம் போதும். பாஸ்டருக்குப் பின்னால் பளபளக்கும் ஃபிளெக்ஸ் இருந்தால் போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப முகத்தைக் கறுப்பாக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) பூட்டிவிடுங்கள். எல்இடி விளக்கில் படம் கோடுகோடாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

பாட்டும் காப்பிரைட்டும்

ஆராதனை நடுவே லைவ் நின்றுபோய், 'காப்பிரைட்' என்று அறிவிப்பு வந்தால் சபையில் ஒரே கலவரம். 'கர்த்தருடைய பாட்டுக்கு எவன் சொந்தக்காரன்' என்பது உணர்ச்சிபூர்வமான கேள்விதான். சட்டத்தில் பாட்டெழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, ரெக்கார்டிங்குக்குத் தனி உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கு விலக்கு தருகிறது. ஆனால் பாட்டைத் தானாக ஒப்பிட்டுப் பிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒரு இயந்திரம், அது சட்டப்பிரிவு படிக்காது.

சுலபமான வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இலும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1900-இலும் இறந்தார்கள். அவர்கள் எழுதிய கீர்த்தனைகளின் வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. லைவில் கீர்த்தனைகளை நீங்களே வாசித்துப் பாடுங்கள். யாரோ வெளியிட்ட டிராக்கை ஓடவிட்டால் பழைய பாட்டாக இருந்தாலும் மாட்டும், ஏனென்றால் பிடிபடுவது அந்த ரெக்கார்டிங். புதுப் பாட்டுகளுக்கு எழுதியவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். உரிமை கோரும் 'கிளைம்' வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே எடுக்க வைக்கும் 'ஸ்டிரைக்' வேறு விஷயம். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகும். பாடல் பகுதியை லைவோடு விட்டுவிட்டு, செய்தியை மட்டும் வெட்டித் தனி வீடியோவாக வைப்பது நல்ல பழக்கம்.

இலவசமாகக் கிடைக்கும் ஊடகத்துக்கு நிபந்தனை இருப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரத்தை வேப்பேரியில் இருந்த மிஷனரி பெப்ரிசியஸிடம் கொடுத்தார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்தின் அச்சு வேலை வந்தால் அதற்கே முதலிடம் என்ற ஏற்பாட்டோடு. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் அந்த வேப்பேரி அச்சில்தான் வந்தது. விதியைத் தெரிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

வசன கார்டுகளுக்கும் இது பொருந்தும். ஐஆர்வி (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) எனப்படும் 2019 தமிழ் பைபிள் பெயர் குறிப்பிட்டுப் பகிரும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. கார்டு செய்யும்போது எழுத்தில் கவனம் வேண்டும். பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் கிறுக்கலாக வரும். யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். போட்டோஷாப்பில் 'கொ' என்ற எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறினால் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி காம்போசரைத் தேர்வு செய்யுங்கள்.

பக்கத்துத் தெருக்காரருக்கு

கனடாவில் ஐந்நூறு பேர் பார்த்தால் சந்தோஷம். அவர்கள் யாரும் தண்டையார்பேட்டை சந்துக்கு வரப்போவதில்லை. சபையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர், அதுதான் உங்கள் எல்லை.

கேமராவைத் தொடும் முன்பே செய்ய வேண்டியது கூகுள் மேப். சபையின் பெயரை அங்கே பதிவு செய்து சரிபார்த்தலை முடியுங்கள். மேப்பில் இடத்தைக் காட்டும் பின்னைக் கட்டடத்தின் நடுவில் குத்தாமல் கேட் இருக்கும் சந்து பக்கம் குத்துங்கள். கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் பின் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டால், வருகிறவர் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார். வாசலின் பகல் வெளிச்சப் படம், உள்ளே நாற்காலிகள் தெரியும் ஒரு படம், ஆராதனை நேரம், ஒரு போன் நம்பர். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஜனவரி 1 நேரங்களைத் தனியாகப் போடுங்கள். முதல்முறை வருகிறவர்கள் அந்த நாட்களில்தான் தேடுகிறார்கள்.

அடுத்து சின்ன வீடியோ. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போகலாம். ஆனால் 60 நொடிக்குள் முடிப்பது நல்லது. மேடைச் செய்தியை வெட்டிப் போடுவது எளிது, பலன் குறைவு. மேடையில் பேசுகிறவர் சபையாரிடம் பேசுகிறார். "கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இயேசுவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரங்கள்" என்று தொடங்கும்போதே வெளியாள் வீடியோவை விரலால் தள்ளிவிடுவார். அபிஷேகம், கிருபை, இரட்சிப்பு, விடுதலை எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பொருள் தரும். அதே பாஸ்டரை வாசல் படியில் உட்கார வைத்து, "சம்பளம் வந்த மறுநாளே வட்டிக்காரர் கதவைத் தட்டினால் அந்த வீட்டில் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?" என்று தொடங்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வசனம், அதன் பொருள், எங்கே வந்து பேசலாம் என்ற முகவரி. போனைச் செங்குத்தாக வையுங்கள். எழுத்துகளைத் திரையின் கீழ்ப்பகுதியில் போடாதீர்கள், தலைப்பும் பட்டன்களும் அதை மூடிவிடும். 56ஏ பஸ்ஸில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு அந்த எழுத்துதான் செய்தியே.

நேரம் முக்கியம். மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை காலைதான் காசிமேட்டில் கூட்டம் அலைமோதும். மீன் விற்கும் அக்காவிடம் அன்று காலை ஒன்பது மணி ஆராதனைக்கு அழைப்பு அனுப்பிப் புண்ணியமில்லை. அவர்களுக்கு ஞாயிறு மாலை ஒரு கூடுகை, மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் குடும்பக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிய பேச்சு காதில் ஏறும். அரிசி கொடுப்பதை வீடியோ எடுத்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாங்கியவர் முகத்தைத் தெருவே பார்க்கும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கு: மத ஆர்வத்தை வைத்து ஆட்களைக் குறிவைக்கும் வசதியை, இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டா 2022 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது. சபை இருக்கும் இடத்தில் பின் குத்தி, மெட்டா அனுமதிக்கும் மிகக் குறைந்த சுற்றுத் தூரத்தை வையுங்கள். "நீங்கள் கடனில் தவிக்கிறீர்களா?", "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று பார்ப்பவரின் நிலையைச் சுட்டும் வாசகம் அவர்கள் கொள்கைக்கு விரோதம், விளம்பரம் நிராகரிக்கப்படும். "கடன் பற்றி ஒரு மாலைப் பேச்சு, சனி ஏழு மணி" என்றால் போகும். பிற மத தெய்வங்களையோ வழக்கங்களையோ கேலி செய்யும் ஒரு வரிகூட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகள் இருக்கின்றன என்பது ஒரு பக்கம். எதிர்வீட்டுக்காரரை அவமதித்துவிட்டு அவரையே கூட்டத்துக்கு அழைக்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

இத்தனையும் செய்தபின் ஒருவர் "ஜெபம் பண்ணுங்க" என்று மெசேஜ் போடுகிறார். ஊழியம் இங்கேதான் தொடங்குகிறது, முக்கால்வாசிச் சபைகளில் இங்கேயே முடிந்தும் போகிறது. சபைக்கென்று தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். வரவேற்பு மெசேஜ், ராத்திரிக்கான மெசேஜ், லேபிள் எல்லாம் அதில் இலவசம். நாளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் பட்டியல் போடுங்கள். பெண்கள் எழுதினால் ஒரு சிஸ்டர்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்காமல் கால் பண்ணக் கூடாது. அந்த போன் மாமியார் கையிலோ கணவர் கையிலோ இருக்கலாம். "எப்போது பேசலாம்?" என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். முதல் நாளே குரூப்பில் சேர்க்கவே கூடாது. குரூப்பில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அவர் நம்பர் தெரியும், அதன்பின் வரும் தொல்லைக்கு யார் பொறுப்பு? வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அனுமதியில்லாமல் ஆயிரம் பேருக்கு அனுப்பினால் நாலு பேர் ரிப்போர்ட் அடிப்பார்கள், நம்பர் முடங்கும். யூடியூப் கமென்ட்டில் ஒருவர் தன் நோயைச் சொல்லி ஜெபம் கேட்டால் பெயரையும் நோயையும் திரும்ப எழுதிப் பதில் போடாதீர்கள்.

சாட்சி வீடியோவில் "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்ற வரி வந்தால் வெட்டியே ஆக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத் தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அற்புத சிகிச்சை விளம்பரங்களுக்கு எதிராக 1954-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் இருக்கிறது. விபிஎஸ் எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி, ஞாயிறு பள்ளிப் படங்களுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குள் இருப்பவர்களைக் குழந்தைகளாகவே எடுத்துக்கொள்கிறது. சிறு பிள்ளைகளுக்காகச் செய்த யூடியூப் வீடியோவுக்கு 'குழந்தைகளுக்கானது' என்ற குறியை அந்த வீடியோவுக்கு மட்டும் போடுங்கள். சேனல் முழுவதற்கும் போட்டுவிட்டால் எல்லா வீடியோவிலும் கமென்ட் மூடிக்கொள்ளும்.

ஞானஸ்நான வீடியோ விஷயம் இன்னும் கனமானது. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்ற நிலை இந்து, சீக்கியர், பவுத்தருக்கு மட்டுமே, கிறிஸ்தவரானவருக்கு இல்லை. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சபைக்கு வரும் பல வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு ஓயாமல் நடக்கிறது. ஒருவர் தன் விசுவாசத்தை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. கேமரா வைத்திருக்கும் தம்பி அதை எடுத்துவிடக் கூடாது. ஆராதனையிலும் ஒரு பக்க வரிசையைப் படத்துக்கு வெளியே விட்டு, "இங்கே உட்கார்ந்தால் கேமராவில் வரமாட்டீர்கள்" என்று ஒட்டிவையுங்கள்.

காணிக்கை க்யூஆர் சபை அல்லது டிரஸ்ட் கணக்குக்கே இருக்க வேண்டும், பாஸ்டர் ஐயாவின் சொந்த நம்பருக்கு அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்புவது, தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவில்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. பதிவு உள்ளவர்களும் புதுதில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. திரையில் க்யூஆர் காட்டும்போது கீழே இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக பாஸ்வேர்டு. பெரும்பாலான சேனல்கள் ஏதோ ஒரு வாலிபரின் சொந்த ஜிமெயிலில் பிறந்தவை. அவர் வேலை கிடைத்துப் போவார், அல்லது மனஸ்தாபப்பட்டு வேறு சபைக்குப் போவார், சேனலும் கூடவே போகும். சபைக்கென்று ஜிமெயில் தொடங்கி, சேனலை பிராண்ட் அக்கவுண்டாக்கி, இரண்டு ஓனர்களை வையுங்கள். மற்ற வாலிபர்களுக்கு மேனேஜர் உரிமை போதும். கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகளை அச்சடித்து ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் பீரோவில் பூட்டுங்கள். 'ஸ்பான்சர்ஷிப்' என்று ஒப்பந்த ஃபைலோடு வரும் மெயிலைத் திறக்காதீர்கள். அந்த ஃபைல் லாகினைத் திருடிக்கொள்ளும், மறுநாள் உங்கள் சேனலில் கிரிப்டோ லைவ் ஓடும். சபை சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்க்க பொருளாளரிடம் சொல்லிவையுங்கள். பயன்படுத்தாமல் கிடந்த நம்பரைக் கம்பெனி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.